இடப்பக்கம் சிந்திய தேங்காய்ப் பால்

போன மாதம் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். சுங்கைப்பட்டாணியில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளராக இருந்தேன். கடைசி நாளன்று அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் புதிதாக வந்த இயந்திரத்தின் மேல் என்னை ஏற்றினார்கள். வெறுங்காலோடு ஏறி இரண்டு பிடிகளையும் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால், திரையில் நம் உடம்பைப் படமாகப் போடும். தசை நன்றாக இருக்கும் இடம் பச்சை. குறைந்த இடம் சிவப்பு.

எனக்கு இடது பக்கம் சிவப்பாக வந்தது.

"அங்கிள், மெஷின் ரோசாக் போல, கெட்டுப்போச்சு. எறங்கி மறுபடி ஏறுங்க" என்றாள் கவிதா. அங்கே பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் அவள்தான். இறங்கி ஏறினேன். மறுபடியும் சிவப்பு.

"மெஷின் நல்லாத்தான் இருக்கும்மா. எனக்கு அந்தப் பக்கம் நெஞ்சுச் சதை கெடையாது. பொறந்ததுலேர்ந்தே."

"சும்மா சொல்லாதீங்க லா."

இத்தனை வருடமும் தொளதொளவென்ற சட்டையில்தான் அவர்கள் என்னைப் பார்த்திருக்கிறார்கள். பிறகு கவிதா கேட்டாள்: "உங்கள மாதிரி இன்னொருத்தர் வந்தா இந்த மெஷின் சிவப்பு காட்டும். அதுக்கப்புறம் நாங்க என்ன செய்யறது? எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

நான் ஆரம்பப் பள்ளிக்கு அடுத்த புகுமுக வகுப்பிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்வதாக அவள் சொன்னதால் எழுதுகிறேன்.

மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். நெஞ்செலும்பிலிருந்து விசிறி மாதிரி விரிந்து மேற்கையில் போய்ச் சேரும் ஒரு பெரிய தசை எல்லோருக்கும் இரண்டு பக்கமும் உண்டு. எனக்கு வலப்பக்கம் மட்டும்தான். இடப்பக்கம் விலா எலும்பின் மேல் நேராகத் தோல். அந்தக் கக்கத்தில் முடியும் இல்லை. இடது கை விரல்கள் கொஞ்சம் குட்டை. வயிற்றில் இருக்கும்போது நான் அந்தப் பக்கமாகவே படுத்துக் கிடந்ததால் அமுங்கிவிட்டது என்று அம்மா நினைத்தார்.

வலி கிடையாது. சட்டை போட்டால் தெரியாது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் சாமி தூக்கும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதால், நான் விளக்குக்கான ஜெனரேட்டர் வண்டியோடு நடந்துவிடுவேன். அதற்குச் சட்டை கழற்றத் தேவையில்லை. பக்தி குறைந்தவன் என்று பெயர் வந்தது. அது பரவாயில்லை.

பள்ளியை விட்டதும் பாடாங் செராய் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குப் போனேன். நீளமான கழியின் நுனியில் அரிவாள் கட்டி, அண்ணாந்து பார்த்துக் குலையை வெட்ட வேண்டும். இழுப்பதற்கு எனக்குப் பலம் இருந்தது. கழி ஆடாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கத்தான் முடியவில்லை. அது இடப்பக்கமாகவே சாய்ந்துகொண்டு போகும். ஒரு நாள் குலை, எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் காலடியில் விழுந்தது.

"டேய், கொலைய வெட்டச் சொன்னா என்னைய வெட்டப் பாக்குறியா?" என்றார். உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலைக்கு மாற்றினார். மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு அரிசி ஆலை, மெர்போக் ஆற்றில் மீன் படகு, தாய்லாந்து எல்லை வரை போகும் லாரி. அரிசி மூட்டை எனக்கு ஒத்துவந்தது. முதுகில் ஏற்றினால் முதுகும் காலும் பார்த்துக்கொள்ளும், நெஞ்சை யாரும் கேட்பதில்லை. ஆனாலும் எங்கேயும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. படுத்த இடம் பழகிவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் நானா கடையில் சமையலறை வேலைக்குச் சேர்ந்தேன். சுங்கைப்பட்டாணியில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் அவர். அண்ணன் என்ற பொருளில் எல்லோருக்கும் நானாதான். இளவயதில் பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பிறகு எடை தூக்கும் போட்டிகளுக்குப் போனவர். கடைக்கு மேல்மாடியில் இரும்புத் தட்டுகளும் பலகைகளும் போட்டு ஒரு கூடம் வைத்திருந்தார். அதைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. என் வேலை தேங்காய்.

தேங்காய்த் துருவலைத் துணியில் கட்டி, நெஞ்சுக்கு நேரே வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிழிய வேண்டும். நான் பிழிந்தால் பால் அண்டாவுக்கு இடப்பக்கம் தரையில் ஒழுகும். அண்டாவை நகர்த்தி வைப்பேன். கொஞ்ச நேரத்தில் இன்னும் இடப்பக்கம் போய்விடும். கழுவித் தள்ளியே என் பாதி நாள் போனது. நானா ஒரு வாரம் பார்த்தார்.

"அண்டா ஓடுதா, நீ ஓடுறியா?"

"கை சறுக்குது நானா."

"சறுக்கினா நாலு பக்கமும்ல சறுக்கணும். துணிய வச்சுட்டு வா. கும்புடுற மாதிரி கைய சேத்து அழுத்து."

அழுத்தினேன். வலது கை இடது கையைத் தள்ளிக்கொண்டே போய் இடது தோளுக்கு நேராக நின்றது. நானா என் சட்டையைப் பார்த்தார். கழற்றச் சொல்லவில்லை.

"எடது பக்கம் சதை இல்ல. அவ்வளவுதானே? மேல வா."

அன்றைக்கே மேலே கூட்டிப் போகவில்லை. முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் நெஞ்சைத் தட்டி, படம் எடுத்து, அதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் இருப்பதாகச் சொன்னார். இருதயமும் நுரையீரலும் நன்றாக இருக்கின்றன, இல்லாத தசை இனிமேல் வராது, எடை தூக்கலாம் என்றார். நானாவுக்குக் கடைசி வார்த்தை போதும்.

மேல்மாடியில் முதல் நாள், அவர் வருவதற்கு முன்பே நான் மற்றவர்களைப் பார்த்துப் பலகையில் மல்லாந்து படுத்துக் கம்பியைத் தூக்கினேன். வலது கை நிமிர்ந்துவிட்டது. இடது கை பாதியில் நின்றது. கம்பி சரிந்து இடப்பக்கத் தட்டுகள் கழன்று விழுந்தன, கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். நானா தேத்தண்ணிக் கிளாஸோடு படியேறி வந்தார்.

"இல்லாதவனத் தேடாத. இருக்கிறவன் யாரு யாருன்னு பாரு" என்று, தொடாமல், விரலால் காட்டினார். தோளின் முன்பக்கம். கக்கத்துக்குக் கீழே விலாவைப் பிடித்துக்கொண்டிருக்கும் தசை. முதுகின் அகலத் தசை. மேற்கையின் பின்பக்கம். இந்த நால்வரும் சேர்ந்துதான் அந்த ஒருவனின் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

அவர் கொடுத்த முறையை அப்படியே எழுதுகிறேன், கவிதாவுக்காக. கம்பி கூடாது. தரையில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கையில் மட்டும் ஒற்றை டம்பெல். முழங்கை தோளுக்கு நேராக விரியாமல் விலாவை ஒட்டி இருக்க வேண்டும். இறக்கும்போது முழங்கை தரையைத் தொட்டதும் ஒரு மூச்சு நின்று, அதன் பிறகு ஏற்ற வேண்டும். தரை இருப்பதால் கை அதற்குக் கீழே போய்த் தோளை இழுத்துவிடாது. எப்போதும் இடது கைதான் முதலில். இடது எவ்வளவு தூக்கியதோ அதற்கு மேல் வலதுக்குக் கிடையாது. "வலது கைக்கு எடது கைதான் மண்டோர்" என்பார். வலதை அதன் இஷ்டத்துக்கு வளரவிட்டால் முதுகெலும்பையே தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். தள்ளும் பயிற்சி ஒரு பங்கு என்றால் இழுக்கும் பயிற்சி இரண்டு பங்கு.

நானா சரி என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. படிக்கட்டு முனையில் ஒரு நாற்காலி போட்டு, கைலியை மடித்துக் கட்டி, தேத்தண்ணி குடித்துக்கொண்டே பார்ப்பார். செய்வது சரியாக இருந்தால் கிளாஸ் வாய்க்குப் போகும். தப்பாக இருந்தால் பாதி வழியில் நிற்கும். எங்கே தப்பு என்று சொல்லமாட்டார். நாமே காலை மாற்றி, முழங்கையை மாற்றி, மூச்சை மாற்றிப் பார்க்க வேண்டும். கிளாஸ் நகர்ந்தால் கண்டுபிடித்துவிட்டோம் என்று அர்த்தம். எத்தனையோ பேர் ஆறிப்போன தேத்தண்ணியை அவரைக் குடிக்க வைத்திருக்கிறோம்.

நடுவில் ஒரு முறை எனக்குக் கால் அரித்து, சொல்லாமல் லாரியேறி எல்லைப் பக்கம் போய்விட்டேன். மாதக்கணக்கு கழித்துத் திரும்பி வந்து கடை வாசலில் நின்றேன். நானா நிமிர்ந்து பார்த்து, "தேங்கா கெடக்கு" என்றார். உள்ளே போய்ப் பிழிந்தேன். அதற்குப் பிறகு போன மாதம் வரை அங்கேயிருந்து நான் போகவில்லை. சமையலறையிலிருந்து மேல்மாடிக்கு உதவியாளாகப் போய், கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி கொடுப்பவனாகவும் ஆனேன்.

எனக்கு நாற்பது தாண்டிய பிறகு வந்தவர்தான் சரோஜா அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பாடாங் செராய் பக்கம் கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பகுதியில் வேலை. காலைப் பசியாறும் கூட்டம் அடங்கிய பிறகு, மேல்மாடியில் ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார்.

"தம்பி, இங்க பொம்பளைங்களுக்குப் பாரம் தூக்கக் கத்துக் குடுக்குறீங்களாமே."

"குடுக்குறோம்க்கா. ஒடம்பு எளைக்கணுமா?"

"எளைச்சு என்ன பண்ண, மறுபடி கல்யாணமா கட்டப் போறேன்? பெட்டி தூக்கணும்."

முன்பெல்லாம் பெட்டியை உருளைகள் மேல் தள்ளிவிட்டால் போதுமாம். இப்போது ஒவ்வொன்றையும் தூக்கி, தோள் உயரம் வரை அடுக்க வேண்டும். அக்காவின் பெட்டி பாதியில் நழுவி விழுந்தது. ஒரு தடவை அல்ல, பல தடவை. தீபாவளி விடுமுறை முடிந்து வரும்போது தன் கண் முன்னால் ஓர் அடுக்கு முழுக்க அடுக்கிக் காட்ட வேண்டும், முடியாவிட்டால் மாற்றிவிட வேறு இடம் இல்லை, வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அக்காவின் கணவர் குலை வெட்டும்போது முதுகில் குலை விழுந்து, அதிலிருந்து எழுந்து நிற்க முடியாதவர். வீட்டில் அக்காவின் சம்பளம் ஒன்றுதான்.

"தூக்கும்போது என்னக்கா ஆகுது?"

"வலது பக்கமா நழுவுது. கையில பெலம் இல்லன்னு பேசிக்கிறாங்க. பெலம் இருக்கு தம்பி. அந்த நேரம் பாத்து எங்கயோ ஓடிப்போயிடுது."

எனக்குச் சட்டென்று அண்டா ஞாபகம் வந்தது.

"அக்கா, கும்புடுற மாதிரி கைய சேத்து அழுத்துங்க."

அழுத்தினார். இரண்டு கையும் மெல்ல நகர்ந்து வலது தோள் பக்கம் போனது. "கோயில்லயும் இப்படித்தான். சாமியே ஒதுங்கி நிக்கிற மாதிரி இருக்கும்" என்று சிரித்தார். நான் அவருக்கு எதிரே நின்று என் கையைச் சேர்த்து அழுத்தினேன். என் கை இடப்பக்கம் போனது. எதிரெதிரே நின்றதால் இரண்டு பேர் கையும் ஒரே ஜன்னலைப் பார்த்துப் போய் நின்றது.

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு எடதா?"

"ஆமாக்கா."

"எனக்கு வலது." சேலை முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். "எங்கம்மாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும். இப்ப நீ."

"என்னுதும் அவ்வளவு பேருக்குத்தான்க்கா தெரியும். அங்க ஒக்காந்திருக்காரே, அவரு ஒருத்தரு."

படிக்கட்டு முனையில் நானா வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

நானா எனக்குச் செய்ததை அக்காவுக்குப் பக்கம் மாற்றிச் செய்தேன். தரையில் படுத்துத் தள்ளுவது, நின்றுகொண்டு இழுப்பது, வலதுதான் மண்டோர். அக்கா முகத்தைச் சுளிக்காமல் செய்தார். இடையில் பேச்சுதான் நிற்காது. "இந்த இரும்புக்கு ஒரு சட்னி இருந்தா நல்லாருக்கும்" என்பார். தட்டு மாற்றினால், "எடை ஏத்துறியா, வயச ஏத்துறியா?" என்பார். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, முதல் நாள் அசைக்க முடியாத டம்பெல்லைத் தரையிலிருந்து அலுங்காமல் ஏற்றினார். எனக்கு ஒரே சந்தோஷம்.

நானாவின் கிளாஸ் பாதியில் நின்றது.

முழங்கையைப் பார்த்தேன், சரியாக இருந்தது. மணிக்கட்டு, குதிகால், மூச்சு, எல்லாம் சரி. கிளாஸ் நகரவில்லை. என் காலத்தில் அதுதான் முதல் முறை, கிளாஸ் நின்ற பிறகு நானா வாயைத் திறந்தார்.

"அந்தப் பெட்டிக்குப் பிடி இருக்கா?"

"எந்தப் பெட்டி நானா?" என்றார் அக்கா.

"நீ தூக்கற பெட்டி."

"ஏது பிடி. வழவழன்னு அட்டை."

டம்பெல்லுக்குப் பிடி இருக்கிறது. விரல் மடங்கினால் நிற்கும். பிடியில்லாத பெட்டியை இரண்டு பக்கமும் உள்ளங்கை வைத்து நசுக்கித்தான் தூக்க வேண்டும். அது தேங்காய் பிழிகிற வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் இல்லாத தசையின் வேலை. அண்டாவை அத்தனை நாள் நகர்த்திய நானே அதை யோசிக்கவில்லை.

கீழேயிருந்து பால் டின் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்து வைத்தேன். அக்கா இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார். இடுப்பு வரை வந்தது. அங்கே வலப்பக்கம் நழுவி, பெட்டி கவிழ்ந்து, டின்கள் உருண்டு ஒவ்வொன்றாகப் படியில் இறங்கிப் போயின.

"நானா, மேலேர்ந்து பால் மழையா?" என்று கீழே ஒருவர் சத்தம் போட்டார்.

அக்கா பலகையில் உட்கார்ந்துவிட்டார். பழைய எடையெல்லாம் வீண் என்று தெரிந்த முகம். "விடு தம்பி. நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்த" என்றார். டின் பொறுக்கப் போனேன். நானும் அப்படியொரு பெட்டியை எந்த வேலையிலும் தூக்கியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூட்டையாக இருந்தால் முதுகு, இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட்டு அடுத்த ஊர். அக்காவுக்கு அடுத்த ஊர் கிடையாது.

மறுநாள் வரமாட்டார் என்றே நினைத்தேன். வழக்கத்தைவிட முன்னாலேயே வந்தார். நின்றபடியே, "ராத்திரி அவரத் தூக்கி ஒக்கார வச்சேன். அப்பத்தான் நெனைச்சேன். இந்தப் பெட்டி என்ன, அவரவிட கனமா?" என்றார்.

"மாமாவ எப்படிக்கா தூக்குவீங்க?"

"எப்படின்னா? தூக்குவேன்."

"காட்டுங்க."

சற்று யோசித்து, பெட்டியைக் கணவராக நினைத்துக்கொண்டார். வலது கையைக் கீழே, தன் பக்கத்து மூலைக்கு அடியில் கொடுத்தார். "இது தொடைக்கு." இடது கையைக் குறுக்கே கொண்டுபோய் எதிர்ப்பக்க மேல் மூலையில் போட்டார். "இது தோளுக்கு." பெட்டியை உடம்போடு இழுத்து அணைத்துக்கொண்டு எழுந்தார். பெட்டி சாய்வாக நின்றது. நழுவவில்லை. வலது கை நசுக்கவே இல்லை, தாங்கத்தான் செய்தது. இத்தனை வருடமாக வீட்டில் தினமும் செய்கிற வேலை.

"அவரு மொனகுவாரு. இது மொனகல. அதான் வித்தியாசம்."

அதற்குப் பிறகு எங்கள் பயிற்சி அந்தப் பிடிக்காகவே. டம்பெல்லைத் தூரப் போட்டோம். பெட்டியை நன்றாக நாடா ஒட்டி மூடினேன். வலது முழங்கை விலாவை விட்டு விலகாமல் அடியில் தாங்கி நிற்க ஒரு பயிற்சி. இடது கை குறுக்கே இழுக்க ஒரு பயிற்சி. முழங்காலை மடக்கி எழுந்து, பெட்டியின் விளிம்பை முதலில் இடுப்பெலும்பில் நிறுத்த வேண்டும். அங்கே ஒரு மூச்சு. திரும்புவதற்கு இடுப்பைத் திருகக் கூடாது, காலை எடுத்து வைக்க வேண்டும். பிறகு தோளுக்கு ஏற்றி, இடது கையைப் பெட்டிக்குப் பின்னால் வழுக்கிக் கொண்டுவந்து உள்ளே தள்ள வேண்டும். முதுகும் தோளும் ஏற்கெனவே தயாராக இருந்ததால் பழைய எடை வீண் போகவில்லை. நானா இரண்டாவது நாளே குடித்துவிட்டார்.

தீபாவளி போனது. தொழிற்சாலை திறந்த அன்று நான் ஒருவனுக்கும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை. மத்தியானம் கழித்துக் கீழே இறங்கி, ஆள் வராததால் சமையலறையில் தேங்காய் பிழிய உட்கார்ந்தேன். அடுத்த நாள் நானா வீட்டில் கந்தூரி விருந்து, அண்டா நிறையப் பால் வேண்டும். நானா என் எதிரே நாற்காலி போட்டுக் கிளாஸோடு இருந்தார். அவரும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

தொழிற்சாலை பஸ் நிற்கும் சத்தம் கேட்டது. அக்கா சீருடையோடு உள்ளே வந்து, குழாயில் கை கழுவி, துடைத்துக்கொண்டார்.

"சொல்லுங்கக்கா."

"இரு. தண்ணி குடிக்கிறேன்." குடித்தார். "அடுக்கு முழுக்க அடுக்கிட்டேன். சூப்பர்வைசரு காக் பக்கத்துலயே நின்னு பாத்தாங்க. ஏன் செங்கெட்டாப் புடிக்கிறன்னு கேட்டாங்க." செங்கெட் என்றால் மலாயில் சாய்வு, காக் என்றால் அக்கா. "நான் பொறந்ததே செங்கெட்தான் காக், பெட்டி நேராப் போய் ஒக்காருதான்னு மட்டும் பாருங்கன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"நாளைக்கு நேரத்தோட வான்னாங்க."

நான் துணியை அப்படியே கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். பால் என் இடது காலில் ஒழுகிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தார்.

"இவ்வளவு வருசமா இப்படித்தான் புழியிறியா? பாவம் நானா."

நானா, "நீ மட்டும் என்ன, நேராப் புழிவியா?" என்றார்.

"நான் புழிஞ்சா அந்தப் பக்கம் போகும்."

"அப்ப ஆளுக்கு ஒரு கைய குடுங்க."

அக்கா என் இடப்பக்கம் வந்து நின்றார். துணி மூட்டையை நடுவில் பிடித்தோம். அவருடைய இடது கை ஒரு பக்கம், என் வலது கை மறுபக்கம். சும்மா இருந்த மற்ற இரண்டு கைகளும் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

"என்னைய ஜன்னலுக்குத் தள்ளிடாத தம்பி."

"நீங்க என்னையத் தள்ளாம இருந்தா சரி."

அழுத்தினோம். துணி அசையவில்லை. பால் நேராக, அண்டாவின் நடுவில், திரி மாதிரி இறங்கியது.

நானா தேத்தண்ணியைக் குடித்தார்.